உள்நாட்டு விவகாரம்

டிசம்பர் மாதம் 10-ஆம் தேதி உலகெங்கும் மனித உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று தலைவர்கள் செய்தி விடுப்பதும், கல்லூரிகளில் சொற்பொழிவு நிகழ்வதும் வழக்கமாகிவிட்டன. மறுநாள் எல்லோரும் தத்தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஐக்கிய நாடுகள் சபையில் நிகழும் வாதப் பிரதிவாதங்களுக்கும், கட்கியிலும் கேம்பிலும் பிம்ப்ரியிலும் ஹிஞ்சவடியிலும் குடித்தனம் நடத்தும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு, அது நூறாண்டுக்கு மேற்பட்டது. அதன் ஒரு முனை தமிழ்நாட்டுக் கிராமங்களிலும், மறு முனை நாம் வாழும் இந்தப் புனே நகரிலும் இருக்கிறது. அந்த வரலாற்றை நினைவு கூர்ந்து, உலகில் பெருநாடாக உயர்ந்துவரும் நம் பாரதம் தான் முன்பு எடுத்துரைத்த நியாயத்தை இன்று எவ்வளவு தூரம் கைக்கொண்டிருக்கிறது என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சென்னையிலிருந்து அதில் சென்ற 342 பேர், நேட்டால் நாட்டுத் தோட்டங்களில் ஐந்து ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்ட ஏழை மக்கள். 1911 வரையில் சுமார் 1,52,000 பேர் இவ்வாறு நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த பின் அங்கேயே காய்கறி பயிரிட்டோ, சிறு வியாபாரம் செய்தோ வாழ விரும்பியவர்களை வெள்ளையர் விரும்பவில்லை. கூலியாகக் குனிந்திருக்கும் வரையில் வேண்டும்; குடியானவனாக நிமிர்ந்தால் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. ஒப்பந்தம் முடிந்து தங்கியவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டுமென்று 1895-இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஒப்பந்தக் கூலியின் முதலாண்டுச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். ஆறு மாத உழைப்பை, அந்த மண்ணில் மூச்சு விடும் உரிமைக்காகக் கட்ட வேண்டியிருந்தது.

இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்டவர்களுள் முதன்மையானவர், நம் புனேயின் பெருமகனார் கோபால கிருஷ்ண கோகலே. அவர் 1905-இல் இங்கே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கம் இன்றும் டெக்கான் ஜிம்கானா பக்கத்தில் இருக்கிறது. நம்மவர் பலர் அந்த வழியே அன்றாடம் போய் வருகிறோம். ஆனால் நம் இனத்துக் கூலி மக்களுக்காக அங்கிருந்து குரல் எழுந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1910-இல் கோகலே அன்றைய மத்திய சட்டசபையில், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டு வந்தார். மறு ஆண்டே அது நின்றது. 1912-இல் அவரே தென்னாப்பிரிக்கா சென்று, காந்தியடிகளோடு ஊர் ஊராய்ச் சுற்றி மக்களின் குறைகளைக் கேட்டறிந்தார். 1913-இல் அங்கே மூண்ட சத்தியாக்கிரகத்தில் தமிழ்ப் பெண்களும் சிறை புகுந்தார்கள். தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்துச் சிறுமி வள்ளியம்மை, சிறையில் கண்ட நோயினால், விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தாள். அவ்வாண்டிலேயே மூன்று பவுன் வரி ஒழிந்தது.

1915 பிப்ரவரியில் கோகலே புனேயில் காலமானார். அவருக்குப் பின் சங்கத்தின் தலைமையை ஏற்றவர் ஒரு தமிழர். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, 1907-இல் கோகலேயின் சங்கத்தில் சேர்ந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியாரே அவர். 1927-இல் இந்திய அரசாங்கம் தென்னாப்பிரிக்காவுக்கு முதன்முதலாக ஒரு பிரதிநிதியை அனுப்பியபோது, அப்பொறுப்பை அவரே ஏற்றார். டர்பனில் இந்திய மாணவர்களுக்காக அவர் முயற்சியால் எழுந்த சாஸ்திரி கல்லூரி 1929-இல் திறக்கப்பட்டது. எனினும், அவருடைய கையில் இருந்த கருவி வேண்டுகோள் ஒன்றே. அடிமை நாட்டின் பிரதிநிதி நயமாகப் பேசலாம், நல்லெண்ணத்தை நாடலாம். அதற்கு மேல் செய்ய வழியில்லை. 1946 ஏப்ரலில் சாஸ்திரியார் மறைந்தார். இரண்டு மாதம் செல்லுமுன், இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழிக்கும் புதிய சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா நிறைவேற்றியது.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. அப்போது இந்தியா சுதந்திரம் பெறவில்லை. இருந்தும் அந்த ஜூன் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபையில் புகார் கொடுத்தது. ஜூலையில் தென்னாப்பிரிக்காவுடன் வியாபாரத்தை முறித்துக்கொண்டது. இலையுதிர் காலத்தில் கூடிய பொதுச் சபைக்கு விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் நம் தூதுக்குழுவின் தலைவராகச் சென்றார். எதிரே அமர்ந்திருந்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜெனரல் ஸ்மட்ஸ். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையை உருவாக்குவதில் பங்கு கொண்ட அதே ஸ்மட்ஸ்தான். இந்தியர்களை நடத்தும் விதம் தங்கள் உள்நாட்டு விவகாரம். ஒரு நாட்டின் உள்நாட்டு விவகாரத்தில் தலையிடச் சாசனத்தின் இரண்டாம் விதி இடம் தரவில்லை என்பது அவருடைய வாதம். மனிதனை மனிதனாக நடத்தாத செயல் எந்த நாட்டிற்கும் சொந்த விவகாரமாகாது என்பது நம் வாதம். 1946 டிசம்பர் 8 அன்று வாக்கெடுப்பு நடந்தது. நம் பக்கம் 32, எதிராக 15, நடுநிலை 7. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையில் தீர்மானம் நிறைவேறியது. புகாரின் அடியில் இருந்தவை, ட்ரூரோவில் தொடங்கிப் போன நம் மக்களின் பேரப்பிள்ளைகளுடைய வீடும் நிலமும்.

இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸ் நகரில் மனித உரிமைகளின் உலகப் பிரகடனம் வெளியாயிற்று. 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தது ஒன்றுமில்லை, எட்டு நாடுகள் நடுநிலை வகித்தன. அந்த எட்டில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. பிரகடனத்தைத் தயாரித்த ஆணைக்குழுவில் இந்தியாவின் சார்பில் இருந்தவர் ஹன்ஸா மேத்தா அம்மையார். ஆடவரைச் சுட்டும் சொல்லால் முதல் விதியைத் தொடங்குவது தகாது என்று அவர் வாதாடியதன் பயனாகவே, அது மனிதப் பிறவிகள் அனைவரையும் குறிக்கும் சொற்களோடு இன்று விளங்குகிறது. அழகிய பிரகடனம் மட்டும் போதாது, அதை நடைமுறைக்குக் கொண்டுவர வழியும் வேண்டும் என்று அன்று வற்புறுத்தியதும் நம் நாடுதான்.

அந்த நாளில் நம்மிடம் படைபலம் இல்லை; பணபலமும் இல்லை. சொல்லின் நியாயம் ஒன்றே இருந்தது. இன்றோ மக்கள் தொகையில் நாம் முதலிடத்தில் இருக்கிறோம். 2023-இல் ஜி-20 நாடுகளுக்குத் தலைமை தாங்கினோம். அவ்வாண்டிலேயே நிலவின் தென்துருவப் பகுதியில் கலம் இறக்கினோம். பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடம் கேட்கிறோம். இவ்வளவு வளர்ச்சிக்குப் பின், ஸ்மட்ஸிடம் நாம் சொன்ன பதிலை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளத் தயாராக இருக்கிறோமா என்பதே கேள்வி.

நல்லதை முதலில் சொல்வது முறை. இன வேற்றுமையை ஒழிக்கும் உடன்படிக்கையை 1968-இலும், குடிமை உரிமை பற்றியும் பொருளாதார உரிமை பற்றியும் அமைந்த இரு பெரும் உடன்படிக்கைகளை 1979-இலும், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை 1993-இலும் இந்தியா ஏற்றது. 1993-இல் தேசிய மனித உரிமை ஆணையம் பிறந்தது. நீதிமன்றங்கள் இவற்றை ஏட்டுச் சுரைக்காயாக விட்டுவிடவில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் கொடுமை பற்றிச் சட்டமே இல்லாதிருந்த 1997-இல், உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுரிமை உடன்படிக்கையைத் துணைக்கொண்டு விசாகா வழக்கில் விதிமுறைகளை வகுத்தது. பாராளுமன்றம் சட்டம் இயற்ற 2013 ஆயிற்று. ஹிஞ்சவடி அலுவலகங்களுக்குச் செல்லும் நம் பெண்மக்களுக்கு இன்று புகார்க் குழு ஒன்று இருக்கிறதென்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. 1965-இல் இன வேற்றுமை உடன்படிக்கை உருவானபோது, நிறம், இனம் ஆகியவற்றோடு வமிசாவளி என்னும் பொருள்படும் சொல்லையும் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொடுத்தது இந்தியாவே. பிறப்பினால் ஒருவனைத் தாழ்த்துவது எங்கும் தவறு என்பதற்கு அந்தச் சொல் சாட்சியாக நின்றது. 2001-இல் உலக இனவெறி எதிர்ப்பு மாநாடு கூடிற்று. கூடிய இடம் எது? ட்ரூரோ கரை சேர்ந்த அதே டர்பன். சாதிக் கொடுமையையும் அங்கே விவாதிக்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் கோரின. சாதி வேறு, இனம் வேறு. அதைத் தீர்க்க எங்கள் அரசியல் சாசனமும் சட்டங்களும் இருக்கின்றன. இந்த மேடை அதற்குரியது அன்று என்று நம் அரசாங்கம் மறுத்தது. மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. மறு ஆண்டு, அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு, வமிசாவளி என்ற சொல்லில் சாதியும் அடங்கும் என்று விளக்கம் தந்தது. நாமே கொடுத்த சொல் நம்மிடமே திரும்பி வந்தது.

நம் சாசனம் தீண்டாமையை 17-ஆம் விதியில் ஒழித்தது உண்மை. வேறு பல நாடுகளுக்கு முன்னோடியாக நாம் சட்டம் செய்திருப்பதும் உண்மை. அப்படியிருக்கையில் உலகின் முன் அதைப் பேச அஞ்சுவானேன்? ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848-இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அவர்கள் மீது சேறு வீசியவர்களும் அன்று இதைத் தங்கள் சமூகத்தின் சொந்த விவகாரம் என்றுதான் எண்ணினார்கள்.

இன்னும் ஒன்று. சித்திரவதையைத் தடுக்கும் உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. அதை ஊர்ஜிதம் செய்யவில்லை. கையெழுத்து என்பது நிச்சயதார்த்தம். ஊர்ஜிதம் என்பதே கல்யாணம். அதற்கான மசோதா 2010-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்குப் போய், பின்பு காலாவதியாயிற்று. 2017-இல் சட்ட ஆணையம், உடன்படிக்கையை ஊர்ஜிதம் செய்து தனிச் சட்டம் இயற்றலாம் என்று பரிந்துரைத்தது. இடையில் 2020 ஜூன் மாதத்தில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், கடை நடத்தி வந்த தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு அடுத்தடுத்து மாண்ட செய்தி நம் எல்லோர் வீட்டிலும் ஒரு வேளைச் சோற்றைக் கசப்பாக்கியது. இதனால் நாட்டின் கௌரவத்துக்கும் நஷ்டம். 1995-இல் மேற்கு வங்காளத்தின் புருலியாவில் வானிலிருந்து ஆயுதங்கள் வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்டவரை டென்மார்க்கிடம் நாம் கேட்டோம். இந்தியச் சிறையில் அவர் சித்திரவதைக்கு ஆளாகலாம் என்று கூறி, அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2011-இல் அவரை ஒப்படைக்க மறுத்தது. அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கும் நிலைமை ஒரு பெருநாட்டுக்கு அழகா?

புனேயோடும் தமிழ்நாட்டோடும் ஒருங்கே தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே பணி செய்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, புனேயில் பதிவான பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். நடுக்குவாதம் கண்ட முதியவர்; வயது 83. விசாரணை தொடங்குவதற்கு முன்பே, 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனை ஒன்றில் இறந்தார். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வருத்தமும் கவலையும் தெரிவித்தது. எல்லாம் சட்டப்படியே நடந்தன, எங்கள் நீதிமன்றங்கள் சுதந்திரமானவை என்று அரசாங்கம் பதில் கூறிற்று. வழக்கின் குணதோஷத்தை நீதிமன்றமே தீர்மானிக்கட்டும். குற்றம் நிரூபிக்கப்படாத ஒரு முதியவரைப் பிணையின்றி எவ்வளவு காலம் அடைத்து வைக்கலாம் என்ற கேள்வி, வழக்கின் முடிவுக்குக் காத்திருக்கும் கேள்வியன்று.

பெரிய நாடுகள் யோக்கியமா என்று இவ்விடத்தில் சிலர் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. குடிமை உரிமை உடன்படிக்கையில் சீனா 1998-இல் கையெழுத்திட்டு, ஊர்ஜிதம் செய்யாமலே இருக்கிறது. அமெரிக்கா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை. குவாண்டனாமோவில் விசாரணையின்றிப் பலரை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்தது. பிறருக்கு உபதேசம் செய்வதும், தமக்கென்றால் கதவைச் சாத்துவதும் வல்லரசுகளின் வழக்கம். ஆனால் அந்த வழக்கத்தைக் கண்டு 1946-இல் நாம் கோபித்தோம். பெரியவனான பின் அதையே பின்பற்றுவது, மாமியார் கொடுமையை அனுபவித்த மருமகள் தான் மாமியாரானதும் அதையே செய்வது போலாகும்.

இதில் தமிழர்களாகிய நமக்குத் தனி அக்கறை உண்டு. இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்தில், உள்நாட்டு அதிகாரத்தில் பிறர் தலையிடலாகாது என்று வலியுறுத்திய தீர்மானத்தை ஜெனீவாவில் இந்தியா ஆதரித்தது. 2012-இலும் 2013-இலும் இலங்கை பொறுப்புக் கூற வேண்டுமென்ற தீர்மானங்களை ஆதரித்தது. 2014-இல் நடுநிலை வகித்தது, 2021-இலும் அப்படியே. ஆதரவு கண்டு மகிழ்ந்தோம். நடுநிலை கண்டு மனம் வெதும்பினோம். யாழ்ப்பாணத்துத் தாய் தன் மகன் எங்கே என்று கேட்கும்போது அது கொழும்பின் உள்நாட்டு விவகாரம் என்று நாம் ஒப்புக்கொள்வதில்லை. அப்படியானால் நம் நாட்டின் வேறொரு மூலையில் வேறொரு தாய் அதே கேள்வியைக் கேட்கும்போது, அதை மட்டும் உள்நாட்டு விவகாரம் என்று எப்படித் தள்ள முடியும்?

ஊர் விட்டு ஊர் வந்து வாழ்கிறவர்களுக்கு இந்த நியாயம் ஏட்டில் உள்ள தத்துவமாக இருக்க முடியாது. 1960-களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியருக்கு எதிராக இயக்கம் எழுந்த நாட்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அவர்களுக்குத் துணை நின்றது, இந்நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் உரிமை தரும் சாசனத்தின் 19-ஆம் விதி. அந்த உரிமை அண்டை வீட்டாரின் தயவால் கிடைத்ததன்று. மனிதனுக்கும் குடிமகனுக்கும் உரியது. இன்று நம் அடுக்கு மாடிகளைக் கட்டப் பீகாரிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் குடியிருப்பவர்களுக்கும் அதுவே பொருந்தும். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளுக்குத் தனித் தம்ளர் வைத்துவிட்டு, அது எங்கள் வீட்டு விவகாரம் என்று நாம் சொன்னால், ஸ்மட்ஸுக்கும் நமக்கும் என்ன பேதம்?

செய்யக் கூடியவை சில உண்டு. கைது செய்யும்போது போலீசார் கடைப்பிடிக்க வேண்டிய பதினொரு விதிகளை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் வகுத்தது. கைதுக் குறிப்பில் சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பதோ சாசனத்தின் 22-ஆம் விதி. இவற்றை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். உரிமை மீறப்பட்டதாகக் கருதுவோர், நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், கட்டணம் ஏதுமின்றி மும்பையிலுள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். நம் தொகுதிப் பாராளுமன்ற அங்கத்தினர் வாக்குக் கேட்டு நம் விழாக்களுக்கு வரும்போது, சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கை ஏன் இத்தனை ஆண்டுகளாக ஊர்ஜிதமாகாமல் கிடக்கிறது என்று மரியாதையோடு கேட்கலாம். மாலை போட்ட பிறகாவது கேட்கலாம்.

கோகலேயும் சாஸ்திரியாரும் கடல் கடந்த கூலி மக்களுக்காக வாதாடியபோது, இது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் விவகாரம், உமக்கென்ன என்று சொல்லியவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்கள் அதைக் கேட்டு வாளாவிருக்கவில்லை. அவர்களுடைய சங்கத்தின் வாயில் நம் ஊரிலேயே இருக்கிறது. விடுமுறை நாளில் குழந்தைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று, இந்தக் கதையைச் சொல்லுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.